கோட்டுக்கு இந்தப் பக்கம்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஆறு பேர். மேசையின் தலைப்பக்கம் எங்கள் ரக்பி கிளப்பின் தலைவர். கறிக்கடை வைத்திருப்பவர், நாற்காலி கொள்ளாத உடம்பு. அவருக்கு வலப்பக்கம் லாண்டிரிக்காரர். இடப்பக்கம் செயலாளராகிய நான், பேனாவும் உறையும் தபால்தலையுமாக. எதிரே பெண்கள் அணியின் கேப்டன், சுளுக்கிய காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு. ஜன்னலோரம் பாறை அண்ணனும் அவர் மனைவியும். பாறை என்பது மைதானத்தில் வைத்த பெயர். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் உட்கார்ந்திருந்தார் என்று எழுதுவதா, உட்கார வைக்கப்பட்டிருந்தார் என்று எழுதுவதா என்பதிலேயே எனக்குக் குழப்பம். இரண்டு வருடமாக அவருக்கு நினைவு தேய்ந்துகொண்டு வருகிறது.

கூட்டத்தின் பொருள் ஒன்றே ஒன்று. மைதானத்தின் புது வாசலில் ஒரு கல் பதிக்கப்போகிறோம். கோப்பை வென்ற அந்த ஆட்டத்தில் கடைசி ட்ரை போட்டு ஜெயிக்க வைத்தவரின் பெயர் அதில் இருக்க வேண்டும். கல் வெட்டுகிறவர் வெளியூர்க்காரர். இன்றைய தபாலில் வாசகம் போகாவிட்டால் திறப்பு விழாவுக்குக் கல் வந்து சேராது.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். எங்கள் கிளப் பிறந்தது ஒரு பஸ்ஸில். கடைசி சீட்டுக்கு அடியில் யாரோ விட்டுப்போன நீள்வட்டப் பந்து ஒன்று பணிமனைக்கு வந்தது. தேடிக்கொண்டு ஒருவரும் வரவில்லை. கால்பந்துதான் சக்கரத்தில் நசுங்கிவிட்டது என்று நினைத்த மெக்கானிக்குகள், அதை உருண்டையாக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. காற்றை இறக்கிப் பார்த்தார்கள், ஏற்றிப் பார்த்தார்கள், வைஸ் இடுக்கியில் கூட வைத்து இறுக்கிப் பார்த்தார்கள். பிறகு விவரம் தெரிந்த ஒரு டிரைவர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். அவர்தான் முதல் பயிற்சியாளர். சந்தையிலிருந்து கறிக்கடைக்காரர் சேர்ந்தார். சட்டைகளின் சேறு தாங்காமல் சண்டை போட வந்த லாண்டிரிக்காரரை அன்றைக்கே முன்வரிசையில் நிறுத்திவிட்டார்கள். "தொவைக்கிறவன் நான், அழுக்காக்குற சொகத்தையாவது அனுபவிக்கிறேன்" என்றார். பந்தைக் கட்டிப்பிடித்து உருளுவதெல்லாம் ஒரு விளையாட்டா என்று சிரித்த ஊர், பீரோவை மாடி ஏற்ற வேண்டுமென்றால் எங்களைத்தான் கூப்பிட்டது. அந்தக் கோப்பை கிடைத்த பிறகே நகராட்சி இந்த மைதானத்தை எங்களுக்குக் கொடுத்தது. இல்லாவிட்டால் இது இன்றைக்கு ஒரு குடோன்.

ரக்பியில் பந்தைக் கோடு தாண்டிக் கொண்டுபோனால் மட்டும் போதாது. தரையில் அழுத்தி வைக்க வேண்டும். அதுதான் ட்ரை. அன்று கொட்டுகிற மழை. கோட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவராகக் குவிந்து விழுந்தோம். நடுவர் விசில் ஊதினார். குவியலின் அடியில் பந்தை அழுத்திய கை யாருடையது? இத்தனை வருடமும் அவரவர் வீட்டில் அவரவர் கை என்று சொல்லிக்கொண்டோம், யாருக்கும் நஷ்டமில்லை. கல் என்று வந்ததும் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

பாறை அண்ணனின் மனைவிதான் முதலில் பேசினார். "இவருக்கு இப்ப என்னைத் தெரியல. பெத்த பொண்ணத் தெரியல. அந்த ட்ரையச் சொன்னா மட்டும் கண்ணு தெளியுது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறதும் போயிட்டே இருக்கு. அது முழுசாப் போறதுக்குள்ள தன் பேரக் கல்லுல ஒரு தடவ படிச்சிரட்டும். வேற என்ன கேட்டேன் நான்?"

"அண்ணி, பாசம் வேற, ட்ரை வேற" என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி. "பந்து என் நெஞ்சுக்கு அடியில இருந்துச்சு. மழை வந்தா இப்பவும் அந்த எலும்பு வலிக்குது."

"உன் நெஞ்சு ஊரு அகலம். அதுக்கு அடியில பந்து மட்டுமா இருந்துச்சு? நானும்தான் இருந்தேன்" என்றார் லாண்டிரிக்காரர்.

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அந்தக் குவியலில் என் உள்ளங்கையும் எதையோ அழுத்தியது. வழுவழுப்பாக, ஈரமாக, உருண்டையாக. அது பந்தா, அன்று மொட்டையடித்திருந்த லாண்டிரிக்காரரின் தலையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பேசிட்டே இருந்தா தபால் போயிடும். விழுந்து காட்டுங்க" என்றாள் கேப்டன்.

மேசையை நகர்த்தினோம். சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டேன். அலமாரியிலிருந்து பந்து வந்தது. தலைவர் முனகிக்கொண்டே மண்டியிட்டார். லாண்டிரிக்காரர் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தலை கிழக்கே இருந்தது என்றார் ஒருவர். கிழக்கே இருந்தது கால் என்றார் மற்றவர். "மூட்டு எண்ணெய் தேய்ச்சிட்டு வந்திருக்கியா? குடலப் பொரட்டுது" என்று ஒருவர் சொல்ல, "அன்னிக்கும் இதே நாத்தம்தான், அத வெச்சே உன்னக் கண்டுபிடிக்கலாம்" என்று மற்றவர் சொல்ல, கேப்டன் சிரித்துச் சிரித்துக் கால்வலியை மறந்துவிட்டாள்.

அப்போதுதான் பாறை அண்ணன் எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. நேராக வந்து குனிந்து, இரண்டு பேருக்கும் நடுவில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். இரண்டு பெரிய உடம்புகளும் சிமெண்டுத் தரையில் சர்ரென்று வழுக்கின. பந்து அவர் கைக்கு வந்தது. அதைத் தரையில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி, அப்படியே நின்றார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார்.

பாறை அண்ணன் என் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். பந்து அதற்கு ஒரு சாண் முன்னாலேயே இருந்தது.

"வரல" என்றார். "கோடு இன்னும் வரல. இந்தப் பக்கம்தான் விழுந்தோம். அதுக்குள்ள ஊதிட்டாரு. நான் சொல்றதுக்குள்ள எல்லாரும் என்னத் தூக்கிட்டீங்க."

தலைவர் தரையில் உட்கார்ந்தபடியே, "பாவம், அவருக்கு மறதி" என்றார்.

"மறதியா? அப்ப கையும் அவரோடது இல்லேன்றீங்களா?" என்று கேட்ட அண்ணி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். கணவர் சொன்னதை நம்பினால் கை அவருடையது, ஆனால் ட்ரை இல்லை. நம்பாவிட்டால் கையும் இல்லை. எந்தப் பக்கம் இழுத்தாலும் அவிழாத முடிச்சு. அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"கோடே ஏது அன்னிக்கு?" என்றார் லாண்டிரிக்காரர் மெதுவாக. "சுண்ணாம்புக் கோடு. மழையில கரைஞ்சு ஓடிப்போச்சு. எல்லார் சட்டையிலயும் சுண்ணாம்பு. நான்தானே தொவைச்சேன்."

"அப்ப ரெஃப்ரீ ஊதின எடம்தான் கோடு" என்றாள் கேப்டன். சொல்லிவிட்டு அவளே தரையைப் பார்த்தாள். அந்தக் கோப்பையால் கிடைத்த மைதானத்தில்தான் அவள் ஓடக் கற்றுக்கொண்டாள்.

தலைவர் சுவரைப் பிடித்து எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் புரியல. நீயே எழுதிடு. நான் கேக்க மாட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பின்னாலேயே லாண்டிரிக்காரரும். கேப்டன் நொண்டிக்கொண்டு மேசையைப் பழைய இடத்தில் போட உதவினாள்.

பாறை அண்ணன் வாசலில் நின்று என் சட்டைக் கையைப் பிடித்தார். "தம்பி, நீ எங்க ஆளா?"

"ஆமாண்ணே."

"ஜெயிச்சோமா?"

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெயிச்சோம்ணே" என்றேன். அவர் முகத்தில் வந்தது சந்தோஷமா சந்தேகமா என்று எனக்குப் பிடிபடவில்லை. தலையை ஆட்டிவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மதிப்புக்குரிய ஐயா, என்று தொடங்கினேன். கல்லின் அளவு, எழுத்தின் உயரம், பூசவேண்டிய நிறம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். பாறை அண்ணனின் முழுப்பெயரைக் கொட்டை எழுத்தில், அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கும்படி இடம் விட்டு விட்டு எழுதினேன். அதற்குக் கீழே 'ட்ரை போட்டவர்' என்று எழுதப் போன பேனா நின்றுவிட்டது. வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் 'பந்தின் மேல் கை இருந்தவர்' என்று எழுதினேன். கல் வெட்டுகிறவர் சிரிப்பாரோ என்னவோ. இது உண்மைக்குப் பக்கமா, உண்மையிலிருந்து நழுவுவதா? அந்தக் கை என்னுடையதாகவே இருந்திருந்தால்? மறுபடி படித்தேன். மாற்றவில்லை. மடித்து, உறையிலிட்டு, ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி அழுத்தி ஒட்டினேன்.

தெருமுனைத் தபால்பெட்டியின் வாய் குறுகலானது. உறையைப் போட்டுவிட்டு, சிக்கிக்கொண்டதோ என்று மணிக்கட்டுவரை உள்ளே விட்டுத் துழாவினேன். இருட்டில் ஏதோ ஒரு காகிதத்தின் விளிம்பு விரலில் பட்டது. என்னுடையதா, வேறு யாருடையதா தெரியவில்லை. அழுத்திக் கீழே தள்ளினேன்.