புதிதாய்ப் பத்துப் பேர்

ஆடிட்டர் ஷ்யாம்சுந்தர் அனுப்பிய உறையில் பத்துக் கடிதங்கள் இருந்தன. ஒன்பது, பசை மேசையில் உட்காரும் பெண்களுக்கு. பத்தாவது, ஆபீஸில் கணக்கு பார்க்கிற வினிதாவுக்கே. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: சொந்தக் காரணத்தால் இந்த மாதம் முப்பதாம் தேதியோடு வேலையிலிருந்து விலகுகிறேன், எனக்கு வரவேண்டியது எதுவும் பாக்கி இல்லை.

"நாலு மணிக்கு ஆடிட்டர் ஆள் வருவார். அதுக்குள்ள கையெழுத்து வாங்கிடும்மா," என்றார் முதலாளி ஆஸ்டின் சார். "ஒண்ணாம் தேதி அதே பத்துப் பேரும் மறுபடி வேலைல சேரப்போறீங்க. கம்பெனி பேருதான் வேற. என் பொண்ணு ஜோசலின் பேர்ல."

"எங்க பழைய சர்வீஸ் சார்?"

"அதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

கோவிலம்பாக்கத்தில் அவருடைய அப்பா வாங்கிப் போட்ட நிலத்தில் இருபத்தெட்டு வருடமாக மருந்துக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து அனுப்புகிற இடம் அது. இப்போது சிறுசேரிப் பக்கம் புதிதாகத் தொழில் தொடங்க வருகிறவர்களுக்குப் பாதி வாடகையில் ஷெட், மூன்று வருடத்துக்குக் கரண்ட்டில் சலுகை என்று ஒரு அரசுத் திட்டம் வந்திருந்தது. கம்பெனி புதிதாக இருக்கவேண்டும். பத்துப் பேருக்காவது புதிதாக வேலை கொடுத்திருக்க வேண்டும். ஆஸ்டின் சாரிடம் இருந்தது பழைய கம்பெனி, பழைய பத்துப் பேர்.

வினிதாவுக்கு அங்கே பதினாறு வருடம்; விலகும்போது அத்தனை வருடத்துக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்கவேண்டிய பணம் உண்டு. வீட்டுக்காரருக்கு வேலை போன வருடம், "ஏன் பயப்படறீங்க, என் சர்வீஸ் பணம் இருக்கில்ல?" என்று சொல்லிச் சொல்லியே செம்பாக்கத்து வீட்டில் எல்லோரையும் தூங்கவைத்தவள் அவள். தன் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மற்ற ஒன்பதோடு பசை மேசைக்குப் போனாள்.

"இன்னாம்மா அது, போனஸா?" என்றாள் பொன்னியம்மாள். பத்தொன்பது வருடமாக அந்த மேசையின் தலைமாட்டில் உட்காருகிறவள். அவள் கை நின்றால் மேசையே நின்றுவிடும்.

வினிதா வாசித்துக் காட்டினாள்.  பொன்னியம்மாளின் கை நின்றது.

"சொந்தக் காரணம்னு போட்டுக்கீதே," என்றாள் பொன்னியம்மாள். "இன்னா காரணம்? எனக்கே தெரியாம எனக்கு இன்னா காரணம் வந்துச்சு?"

"ஒரு பேச்சுக்கு எழுதறதுதான் அக்கா. ஒண்ணாம் தேதி நீங்க மறுபடி நம்மகூடத்தான்."

"ஒண்ணாம் தேதி நான் புது ஆளு. அப்டித்தானே?"

"ஆமா."

"முட்டி தேஞ்சி, இடுப்பு புடிச்சிகினு, புது ஆளு." மேசை முழுக்கச் சிரித்தது. பொன்னியம்மாள் சிரிக்கவில்லை. "அந்தப் பத்தொம்போது வருசம் எங்க போவும்?"

வினிதா கையிலிருந்த தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"அது சேரும்னு ஒரு பேப்பர் குடுக்கச் சொல்லு. இப்பவே போட்றேன்."

வினிதா ஆஸ்டின் சாரின் அறைக்குப் போனாள். சாப்பாட்டு டப்பா திறந்தபடி இருந்தது; அவர் தொட்டிருக்கவில்லை.

"ஒரு வரி கேக்கறாங்க சார். பழைய சர்வீஸும் சேரும்னு."

"அந்த ஒரு வரி இருந்தா இது எப்படிமா புதுக் கம்பெனி? அதைக் காட்டியே அப்ளிகேஷனைத் தூக்கிப் போட்டுடுவான்."

"அப்போ இப்பவே செட்டில் பண்ணிடுங்க. மூடறோம்ல?"

"கையில இருந்தா பண்ண மாட்டேனா?" கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "இருபத்தெட்டு வருஷம் இதே ஊர்ல ஓட்டறேன். ஒரு நாள் ஒருத்தன் வந்து, சார் நீங்க எப்படி இருக்கீங்க, என்ன வேணும்னு கேட்டதில்ல. நேத்து வந்தவனுக்குக் கம்பளம் விரிக்கிறான். நானும் நேத்து வந்தவனா வேஷம் போட்டாத்தான் உண்டு. எனக்கு மட்டும் இதுல சந்தோஷமா?"

வினிதா நின்றுகொண்டே இருந்தாள்.

"சரி, இப்படிப் பண்ணலாம். திங்கக்கிழமை ஜெபத்துல எல்லார் முன்னாடியும் சொல்றேன். ஆண்டவர் சாட்சியா, உங்க ஒருத்தர் வருஷமும் வீணாப் போகாதுன்னு. போதுமா?"

அது லேசான வாக்கு இல்லை. திங்கள்தோறும் மிஷின் போடுமுன் அவர் ஜெபம் செய்வார். ஒன்பது பேரில் ஏழு பேர் இந்துக்கள். அவர்களும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். பொன்னியம்மாளின் மருமகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது பெயர் சொல்லி, குரல் உடைந்து வேண்டிக்கொண்டவர் அவர். பொய் சொல்கிற மனிதர் இல்லை என்று வினிதாவுக்குத் தெரியும். அதுதான் இன்னும் அசதியாக இருந்தது.

மேசையில் வந்து அப்படியே சொன்னாள்.

"நல்ல மனுசன்தான்," என்றாள் பொன்னியம்மாள். "அவரு சொன்னா சாமிக்குத் தெரியும். பி.எஃப். ஆபீசுக்குத் தெரியுமா? நாளைக்கே அவரு இல்லன்னா ஜோசலினம்மாவுக்குத் தெரியுமா?"

"அக்கா, மணி மூணேகால்."

"ஆவட்டும். நீ போட்டியா?"

வினிதா கைப்பையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"பத்துப் பேருன்னியே. இங்க ஒம்போது பேரு கீறோம். பத்தாவது யாரு? உன்னுது எங்க, காட்டு."

கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தாள் வினிதா. பசை ஒட்டியிருந்த இடத்தில் தாள் லேசாகப் பிடித்துக்கொண்டது. பேனாவையும் திறந்தாள். முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. ஒன்பது பேரும் அவள் கையையே பார்த்தார்கள்.

"வேணாம், வுடு," என்று பொன்னியம்மாள் எட்டிப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ போட்டா நானும் போட்டாவணும். நான் போட்டா இதுங்க எல்லாம் கண்ண மூடிகினு போடும். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? நீ போடாத. போடலன்னு போய்ச் சொல்லு."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா அக்கா?"

"தெரியும். உனக்குந்தான் தெரியும்."

வினிதா பத்துக் கடிதங்களையும் அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

"யாரும் போடல சார். நானும் போடல."

ஆஸ்டின் சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதங்களை வாங்கி, எண்ணாமலே உறையில் போட்டார்.

"பில்டர் தினகரன் ரெண்டு வருஷமா இந்த இடத்தைக் கேட்டுட்டு இருக்கான், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"வித்தா உங்க எல்லாருக்கும் சர்வீஸை ஒரு நாள் குறையாமக் குடுத்துடலாம். வித்த பணம் அதுக்கும் பேங்க் கடனுக்குமே சரியாப் போயிடும்; அப்புறம் பெட்டி கிடையாது. ஓட்டிப் பாக்கலாம்னுதான்மா இவ்வளவும்." போனை எடுத்து எண்ணைத் தேடினார். "ரெண்டு மாசம்னு சொல்லிடு. ஆடிட்டர் ஆள் வரவேணாம்னும் சொல்லிடு."

அவள் கதவைச் சாத்தும்போது உள்ளே, "தினகரன், ஆஸ்டின் பேசறேன்," என்ற குரல் கேட்டது.

மேசையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"இன்னா சொன்னாரு?"

"வருஷம் முழுசாக் கெடைக்கும் அக்கா. இடத்தை விக்கறார். ரெண்டு மாசம்தான் வேலை."

பொன்னியம்மாள் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்தாள். பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

"நான் தப்பாச் சொல்ட்டனா வினிதாம்மா?"

"தெரியல அக்கா."

"சரி. இன்னிக்கு லோடு போவணுமா, வேணாமா?"

"போகணும். அஞ்சு மணிக்கு வண்டி."

"அப்ப குந்து. கை கொறையுது."

வினிதா கைப்பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, மேசையின் கடைசியில் உட்கார்ந்தாள்.