அட்டைக்கு ஒரு படம்

வசீகரன் தேநீரைத் தொடவில்லை. துபாயில் சத்வாப் பக்கம் இருந்த அந்த ஒற்றை அறை வீட்டுக்கு அவன் வந்தது தங்கையின் படம் வாங்க. கஜந்தி செத்து இருபத்திரண்டு நாள். முப்பத்தோராம் நாளுக்கு யாழ்ப்பாணத்தில் நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். அட்டைக்குப் படம் வேண்டும்.

அவள் புருஷன் நிஷாந்தன் தொலைபேசியை நீட்டினான்.

படத்தில் கஜந்தி தடித்த ஆண்பிள்ளைக் கோட்டுடன் நின்றாள். பின்னால் ஐந்து புகைபோக்கிகள். காலடியில் கரி படிந்த பனி. மூக்குச் சிவந்து, வாய் முழுதாகத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது அங்கை எடுத்ததோ?"

"ஓம்."

"பெருநாள் லீவுக்கு ஊருலகம் பாகூவுக்குப் போகுது, ஜோர்ஜியாவுக்குப் போகுது. நீர் என்ர தங்கச்சியைச் சைபீரியாவுக்கு இரும்பாலை பாக்கக் கொண்டுபோனனீர். உமக்கென்ன காணும், விசரோ? அந்தக் குளிர்தான் அவளைத் திண்டது."

மூளையில் இரத்தம் கட்டியது, எங்கே இருந்தாலும் வந்திருக்கும் என்று இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது வசீகரனும் பக்கத்தில்தான் நின்றான். நிஷாந்தன் அதைத் திரும்பச் சொல்லவில்லை. போக ஆசைப்பட்டவள் அவள்தான் என்பதையும் சொல்லவில்லை.

ஜெபல் அலித் துறைமுகத்தில் ஓர் இரும்பு வியாபாரக் கம்பனியில் அவளுக்கு வேலை. வந்திறங்கும் கம்பிகளின் சான்றிதழ்களைப் பார்த்து நாலு வருடமாக அவை வார்க்கப்பட்ட அந்தச் சைபீரிய ஊரின் பெயரைத் தட்டச்சு செய்தாள். "இஞ்சேருங்கோ, உந்த ஊரை ஒருக்காப் பாக்கவேணும்" என்றாள். மூன்று நாள் போனார்கள். ஏன் வந்தீர்கள் என்று ஹோட்டல்காரி கேட்டாள். டாக்சிக்காரனும் அதையே கேட்டான். ஆலை வாசலில் காவலாளி நாயைத் துரத்துவதுபோலக் கையை வீசினான். இரண்டாம் நாளிலிருந்து நிஷாந்தன் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வசீகரன் இப்போது கேட்பதையெல்லாம் அவன் அங்கேயே அவளிடம் கேட்டு முடித்திருந்தான். "எடுத்துத் துலைக்கிறன், நில்லும்" என்று சொல்லித்தான் அந்தப் படத்தையும் எடுத்தான்.

"முகத்தை மட்டும் வெட்டி எடுப்பம். சீலை ஒட்டி, பின்னால நல்லூர்க் கோபுரம் வைச்சுத் தருவான் கடைக்காரன்" என்றான் வசீகரன்.

"அப்பிடியெண்டால் தரமாட்டன். முழுசாப் போடுங்கோ."

"முழுசாவோ? சனம் சிரிக்கும். உம்மட பேரே இல்லாமல் அடிப்பம்."

"அடியுங்கோ. படம் இதுதான்."

வசீகரன் இருந்த இடத்திலிருந்தே ஊருக்கு வீடியோ அழைப்பு எடுத்து, தாய் சுந்தராம்பாளுக்கு அந்தப் படத்தைக் கமராவில் பிடித்துக் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவள் எனக்கு ஒருநாளும் இப்பிடிச் சிரிச்சுக் காட்டினதில்லை. இது வேண்டாம்."

"எனக்கும் காட்டினதில்லை, மாமி" என்றான் நிஷாந்தன். "உந்தப் புகைபோக்கியளைப் பாத்துச் சிரிச்சவள்."

"பிறகேன் தம்பி அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்?"

நிஷாந்தன் தன் தொலைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். சுந்தராம்பாள் அழைப்பை வைத்துவிட்டார்.

"பாஸ்போர்ட் படத்தை அனுப்பும்" என்றான் வசீகரன்.

நிஷாந்தன் அனுப்பினான். வாயை மூடி, இரண்டு காதும் தெரிய, வெள்ளைச் சுவருக்கு முன்னால் கஜந்தி.

வசீகரன் வாசலுக்கு வெளியே நின்று சப்பாத்தை மாட்டினான். "சரி. உம்மட பேரைப் போடச் சொல்லுறன்."

"தேவையில்லை" என்று நிஷாந்தன் கதவைச் சாத்தினான்.