முனவ்வரா முடிக்காத பாடம்

டேப்லெட்டை ஜிப்லாக் பைக்குள் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி வாயை மூடினாள் ஃபைஹா. பிறகு அதைக் குளிப்பாட்டும் அறையின் டைல்ஸ் சுவரில் டேப் போட்டு ஒட்டப் பார்த்தாள். ஈரச் சுவர், ஒட்டுவேனா என்றது. மறுபடியும் வழுக்கிக் கையில் விழுந்தபோது சபுரா ஆன்ட்டிக்குப் பொறுக்கவில்லை.

"அந்த ஜன்னல் திட்டுல வையேம்மா. செவுத்துல மாட்டுறதுக்கு அது என்ன கல்யாண ஃபோட்டோவா?"

வைத்தாள். திரும்பினால் ஸ்டீல் மேசை. அதன்மேல் வெள்ளைத் துணிக்கு அடியில் அம்மா.

அம்மா முனவ்வரா அன்று அதிகாலை ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு வீட்டிலேயே மவுத்தாகியிருந்தாள். கணையத்தில் புற்று. கடைசி நாள்களைக் கவனிக்கும் ஹாஸ்பிஸ் நர்ஸ் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் போனதும் ஃப்ரீமான்ட் பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மதியம் லுஹருக்குப் பின் ஜனாஸா தொழுகை, அப்புறம் மலையைத் தாண்டி லிவர்மோர் பக்கத்தில் அடக்கம். அதற்குள் குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்தி முடிக்க வேண்டும்.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் மையித்தை, இறந்தவர் உடலை, முறையாகக் குளிப்பாட்டத் தெரிந்த பெண் சபுரா ஆன்ட்டி ஒருவர்தான். அவருக்கோ போன வாரம்தான் வலது தோளில் ஆபரேஷன். கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. சான் ஹோசேயிலிருந்து இரண்டு பேரை வரவழைக்கிறேன் என்று அவர் ஃபோனை எடுத்தபோதுதான் ஃபைஹா குறுக்கே வந்தாள்.

"நோ. நான் பண்றேன்."

"உனக்குத் தெரியாதேம்மா."

"அம்மாவோட கோர்ஸ் இருக்கு."

"அது இன்னும் ரெடியாகலைன்னு உங்கம்மாவே சொன்னாங்களே! ரெடியாகாதத யாருக்கும் காட்ட மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னாங்க."

நின்றாள்தான். முனவ்வரா இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர். நர்ஸுகளும் லேப் ஆட்களும் கம்ப்யூட்டரில் பார்த்துப் படிக்கிற பாடங்களை வடிவமைப்பது அவள் பிழைப்பு. யாருக்குச் சொல்லப் போகிறோம் என்று முதலில் ஆராய வேண்டும், பிறகு திட்டம், பிறகு தயாரிப்பு, பிறகு கொடுப்பது, கடைசியில் உண்மையிலேயே கற்றுக்கொண்டார்களா என்று சோதிப்பது. இந்த வரிசை மாறினால் அவளுக்குச் சோறு இறங்காது. மகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோது முதல் நாள் முழுக்க அனாலிசிஸ் மட்டும்தான் நடந்தது, சாவியைக் கண்ணிலேயே காட்டவில்லை. அப்படியொரு பிறவி.

சபுரா ஆன்ட்டிக்குப் பின் யார் என்ற கேள்வி வந்தபோதுதான் இந்தப் பாடத்தைக் கையில் எடுத்தாள். வீடியோவும் படங்களும் அவளோடு வேலை பார்த்த வான்மதியின் பொறுப்பு. வான்மதி வேறு கட்சி. சின்னதாக ஒன்றைச் செய்து நாலு பேரிடம் காட்டுவோம், தடுமாறுகிற இடத்தைத் திருத்திக்கொண்டே போவோம் என்பாள். முனவ்வரா சண்டைக்கு வருவாள். "மையித்துக்கு ரெண்டாவது சான்ஸ் கிடையாது வான்மதி. இதுல போய் ட்ரையல் அண்ட் எரரா?"

அப்புறம் நோய் வந்து எல்லா வரிசையையும் கலைத்துப் போட்டது. நல்ல குரல்காரர் யாரையாவது வைத்துப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று, தற்காலிகமாகத் தன் குரலிலேயே பேசிப் பதிவு செய்தாள். எதிரொலி வராமலிருக்க துணி அலமாரிக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு. ஒன்றும் தெரியாத ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கிற பைலட் சோதனை மட்டும் பாக்கி.

ஃபைஹா கையுறையைப் போட்டுக்கொண்டு ப்ளே பட்டனைத் தொட்டாள்.

"பிஸ்மில்லா சொல்லிக்குங்க," என்றாள் முனவ்வரா. "தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும். உங்க மணிக்கட்டுல ஊத்திப் பாருங்க. நீங்க குளிக்கிற சூடு வேணாம். கொழந்தையக் குளிப்பாட்டுற சூடு."

வெளியே நாற்காலி ஒன்று தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. கதவை யாரோ தட்டினார்கள்.

"ஃபைஹா." அத்தா ஜைனுதீனின் குரல். "யாரும்மா பேசுறது?"

"ரெக்கார்டிங் அத்தா."

கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி மறுபடியும் உரசியது. போய்விட்டார் என்றுதான் நினைத்தாள்.

"சத்தமா வையி," என்றார் ஜைனுதீன்.

சத்தத்தைக் கூட்டினாள். தண்ணீரை மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தாள். அம்மா சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தாள். துணியை விலக்காமல் அடியில் கைவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுகிற மாதிரி ஒளூ செய்விக்க வேண்டும், முதலில் வலது கை. ஒரு இடத்தில் அம்மாவுக்கு இருமல் வந்தது. விடாமல் இருமினாள். மூச்சு வாங்கியது. "வான்மதி, இத வெட்டிரு," என்றாள். சபுரா ஆன்ட்டி இடது கையால் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஃபைஹா குவளையைக் கீழே வைக்காமல் அடுத்த தண்ணீரை மொண்டாள்.

"இப்ப அவங்கள இடது பக்கமா சாய்ச்சு, வலது பக்கத்தைக் கழுவப் போறோம். ஒரு கை தோள்ல. ஒரு கை இடுப்புல. மெதுவாத் திருப்புங்க."

திரையில் வான்மதியின் கைகள் திருப்பின. வீடியோவுக்காக, மூடிய துணிக்கடையிலிருந்து வாங்கிய பொம்மையைப் படுக்கவைத்திருந்தார்கள். அது தொட்டதும் லேசாகத் திரும்பிக்கொண்டது.

ஃபைஹா தோளிலும் இடுப்பிலும் கைவைத்துத் திருப்பினாள். அம்மா வரவில்லை. இன்னும் அழுத்தினாள். தோள் கொஞ்சம் எழுந்து மறுபடியும் மேசையில் படிந்தது. என்ன இது! எலும்பும் தோலுமாக இருந்தவள்தானே. போன வாரம்கூட இவள்தான் அம்மாவைத் தூக்கி பாத்ரூமுக்குக் கொண்டுபோனாள். அப்போது அம்மா இரண்டு கைகளாலும் இவள் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். தன் பாரத்தில் பாதியை அம்மாவே சுமந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

வீடியோவைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். மெதுவாத் திருப்புங்க. திருப்பினாள். அம்மாவின் வலது கை மேசை விளிம்பிலிருந்து நழுவித் தொங்கியது.

"ஐ'ம் டூயிங் இட் ராங்." குரல் உடைந்துவிட்டது. "ஆன்ட்டி, நான் தப்பா பண்றேன். அம்மாவுக்கு வலிக்கும்..."

"இல்லடி தங்கம். இரு, இரு." சபுரா ஆன்ட்டி ஒற்றைக் கையால் முட்டுக்கொடுத்துப் பார்த்தார். முடியவில்லை. "கனமாத்தாம்மா இருப்பாங்க. உசுரு போயிட்டா எல்லாரும் அப்படித்தான். ரெண்டு பேர் பிடிக்கணும்."

"அம்மா அதைச் சொல்லவே இல்லையே!"

"நான் சொல்லியிருந்தாத்தானே அவங்க சொல்லுவாங்க? உக்காரவச்சு கேள்வி கேள்வியாக் கேட்டாங்க. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டேன்." சபுரா ஆன்ட்டி கதவைப் பார்த்தார். "வெளிய அந்தப் பொண்ணு வான்மதி நிக்கிதுல்ல? கூப்பிடு."

வான்மதி வாசலிலேயே நின்றுவிட்டாள். "நான் உள்ள வரலாமா ஆன்ட்டி? நான் முஸ்லிம் இல்லையே..."

"கழுவுறது மக. பிடிக்கிறதுக்கு என்ன வந்துச்சு? உன்கூட சண்டை போடாம அவங்களுக்கு ஒரு நாள் போனதுண்டா? கையுறை, மாஸ்க் போட்டுக்கிட்டு வா."

வான்மதி தோளைப் பிடித்தாள். ஃபைஹா இடுப்பைப் பிடித்தாள். சபுரா ஆன்ட்டி இடது உள்ளங்கையில் தலையைத் தாங்கிக்கொண்டார். அம்மா மெல்லத் திரும்பினாள். ஃபைஹா ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறுகையால் ஊற்றினாள், தோளிலிருந்து பாதம் வரை. இன்னொரு பக்கமும் அப்படியே. கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைத்திருந்தது. வான்மதியின் கண்ணீர் முகக்கவசத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தொழுகை முடிந்து வேன் கிளம்பியபோது ஜைனுதீன் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். ஃபைஹா வான்மதியின் காரில் உட்கார்ந்தாள். 680 ஃப்ரீவேயில் கார் மலை ஏறியது.

"ஸாரிடா," என்றாள் வான்மதி. "பொம்மைய வச்சு ஷூட் பண்ணலாம்னு நான்தான் சொன்னேன். வெயிட் பத்தி ரெண்டு பேருமே யோசிக்கல. முழுசா ரீடூ பண்ணிடறேன். நல்ல வாய்ஸா பாத்து..."

"நோ. அம்மா வாய்ஸ் இருக்கட்டும்."

"இருமல் எல்லாம் இருக்கே?"

"இருக்கட்டும். அந்த ஒரு இடத்துல மட்டும் ஒரு லைன் சேக்கணும்."

"சரி, வீட்டுக்குப் போயி எழுதி அனுப்பு. நிதானமா பண்ணலாம்."

"இல்ல வான்மதி ஆன்ட்டி. இப்பவே." ஃபைஹா ஃபோனை எடுத்தாள். "லேர்னரை அப்பவே கேக்கணும்னு அம்மா சொல்வாங்க. நாளைக்குக் கேட்டா எல்லாம் ஈஸியா இருந்துச்சுன்னு பொய் சொல்லுவாங்களாம்."

வான்மதி கொஞ்சம் இறக்கியிருந்த கண்ணாடிகளை முழுக்க ஏற்றினாள். ஏசி சத்தம் பதிவில் விழுமென்று அதையும் அணைத்தாள். நல்ல வெயில். முன்னால் வேன் வலது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஃபைஹா ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லியே வளர்ந்த பெண். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித்தான் எடுத்தாள்.

"திருப்பறதுக்கு முன்னாடி... ஒருத்தரால முடியாது. ரொம்ப கனமா இருப்பாங்க." நிறுத்தினாள். ஃபோனில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. "பயப்படாதீங்க. நீங்க தப்பா எதுவும் பண்ணல. பக்கத்துல யாரு இருந்தாலும் கூப்பிடுங்க."

பதிவை நிறுத்தி ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தாள். வான்மதியின் நெற்றியில் வேர்வை வழிந்தது. லிவர்மோர் எக்ஸிட் வரும்வரை இருவரும் ஏசியைப் போடவில்லை.