முப்பத்தொன்று முடிந்தது

ஜூலை மாதத்தின் அந்தப் புதன்கிழமை காலை பத்தரையிலிருந்து எங்கள் வாடிக்கையாளரின் ரத்தப் பரிசோதனை வலைத்தளம் படுத்துக்கிடந்தது. மாதாப்பூர் அலுவலகத்தில் ஆளாளுக்கு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பெருமூச்சு விட்டார்கள். பெருமூச்சால் எந்த சர்வரும் எழுந்ததில்லை. ஏழு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.

எல்லோரும் கைகாட்டியது சுஷ்மாவை. அல்வால் பெண், ஜனவரியில் சேர்ந்தவள். 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'ஏன்' என்பதற்கு 'கைக்கு' என்று ஊர் உருது கலந்தே தமிழ் பேசுவாள். அவள் வேலையை நிரந்தரமாக்குவதா என்று மேனேஜர் வெங்கடகிருஷ்ணன் அன்று மூன்று மணிக்கு முடிவு சொல்லவிருந்தார். அவள் எழுதிய மைக்ரேஷனை ஓட்டியபோதுதான் தளம் விழுந்தது.

டேட்டாபேஸில் எதை மாற்றினாலும் வரிசை எண் போட்ட மைக்ரேஷனாக எழுதி ஓட்டுவோம். ஓடி முடிந்த எண்கள் தேதி, நேரத்தோடு ஒரு பட்டியலில் பதிவாகும். சுஷ்மாவுடையது முப்பத்திரண்டு. 'குடும்பம்' என்ற டேபிளில் ஒரு விவரத்தைச் சேர்க்க வேண்டும். அப்படியொரு டேபிளே இல்லை என்று திரும்பி வந்தது.

"என் மெஷின்ல அஞ்சு தடவை ஓட்டினேன்க்கா. ஹவ், ஒழுங்காதான் ஓடிச்சு," என்றாள்.

பட்டியலைத் திறந்தேன். அந்த டேபிளை உருவாக்கும் முப்பத்தொன்று நான் எழுதியது. முடிந்ததாகவே இருந்தது. மார்ச் 30, மாலை 3.52.

அன்று முப்பத்தொன்று பாதியில் நின்றுவிட்டது. எனக்கோ பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஏ.எஸ்.ராவ் நகரில் அப்பாவுக்குப் பணி ஓய்வு விழா. ஓட்டாமலேயே 'முடிந்தது' என்று பட்டியலில் எழுத ஒரு வழி உண்டு. எழுதிவிட்டு, திங்கட்கிழமை ஓட்டிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். அப்புறம் மறந்தே போனேன். அந்த டேபிள் யாருக்கும் இதுவரை தேவைப்படாததால் குட்டு உடையவில்லை. சுஷ்மாவின் மெஷினில் முப்பத்தொன்று முழுதாக ஓடியிருந்ததால் அவளுக்கும் தெரியவில்லை.

'முடிந்தது' என்றிருப்பது மறுபடி ஓடாது என்பதால் அந்தப் பதிவை அழித்தேன். முப்பத்தொன்றை ஓட்டினேன், பிறகு முப்பத்திரண்டை; இரண்டும் அன்றைய தேதியோடு பதிவாயின. இரண்டரைக்குத் தளம் எழுந்தது.

"என்ன பிரச்னை ரோகிணி?" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

"சரியாயிடுச்சு சார்."

அவர் கேட்டது அது இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிட அலுப்பாக இருந்தது. வாயைத் திறந்தால் இன்னும் நாலு மீட்டிங், பத்து மெயில். மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றரைக்கு சுஷ்மா அவர் அறையிலிருந்து வெளியே வந்தாள். "இன்னும் மூணு மாசம் பார்க்கணுமாம்."

"சாரி சுஷ்மா."

"காலையிலயே முப்பத்தொண்ணு பக்கத்துல இருந்த தேதியைப் பார்த்தேன்க்கா. அன்னைக்கு நீங்க அவசரமா கிளம்பிப் போனீங்க. அடுத்த திங்கட்கிழமை, அப்பா ரிடையர் ஆயிட்டார்னு எல்லாருக்கும் மைசூர்பாகு குடுத்தீங்களே. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"நீ உள்ள சொல்லியிருக்கலாமே."

"கைக்கு? இப்போ பட்டியல்ல இன்னைக்குத் தேதிதானே இருக்கு. என்னை யார் நம்புவாங்க?"

திட்டியிருந்தால் தேவலை. அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நிரப்பப் போய்விட்டாள்.

அவர் அறைக் கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னார். உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னேன். மார்ச் 30, பஸ், முப்பத்தொன்று.

வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "பாவம்னு அந்தப் பொண்ணைக் காப்பாத்தப் பார்க்கறீங்க. நல்ல மனசுதான். ஆனா நீங்க சொல்றதுக்கு ஆதாரம் எங்க?"

"மத்தியானம் நானே அழிச்சிட்டேன் சார்," என்றேன்.