கானாங்கோழியின் பதில்

நானும் அக்காவும் பறவைக் கணக்கெடுக்கிறவர்கள். கானாங்கோழி நாணலை விட்டு லேசில் தலைகாட்டாது. அதனால் கருவியில் அதன் குரலைப் போட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். ஒரே ஒரு பதில் வந்தால் போதும், ஆற்றோரத்தில் மிஞ்சியிருக்கும் நாணல் பிழைக்கும். வராவிட்டால் மறுநாளே இயந்திரம் இறங்கி, அடுக்குமாடிக்காரர்களுக்கு நடைபாதை போடும்.

மீன்கொத்தி போய்விட்டது, நாரையும் போய்விட்டது. காக்கையும் புறாவும்தான் மிச்சம்.

வழக்கமாக ஒரு கருவிதான். சீக்கிரம் முடியுங்கள் என்று இந்த முறை அலுவலகம் இரண்டு கொடுத்தது. விடியலில் அவள் அக்கரை, நான் இக்கரை. குரலைப் போட்டேன். பதில் வந்தது! மறுபடியும் போட்டேன், மறுபடியும் வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாலத்தில் சந்தித்தோம்.

"அக்கா, கூப்பிடக் கூப்பிட பதில் சொல்லுதுக்கா!"

"எனக்குந்தான்டி. உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"உன் பக்கமிருந்து."

அவள் முகம் செத்துப்போனது. "எனக்கு உன் பக்கமிருந்து."

மரங்கள் இருந்தவரை ஒரு கரைச் சத்தம் மறுகரைக்கு எட்டாது. இப்போது அடுக்குமாடிகளின் சுவருக்குச் சுவர் பந்துபோல எதிரொலிக்கிறது. இரண்டு கருவியிலும் இருந்தது ஒரே பதிவு. முன்பு இதே நாணலில் அக்கா பிடித்த குரல்; அந்தக் கோழி எப்போதோ செத்திருக்கும். செத்த கோழி தன்னைத்தானே கூப்பிட்டு, தனக்கே பதிலும் சொல்லியிருக்கிறது.

ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைப் போட்டோம். எந்தப் பதிலும் வரவில்லை.

"ஒண்ணு இருக்குன்னு சொல்லிடலாமா?"

"கேக்காததைக் கேட்டேன்னு சொல்ல எனக்கு நாக்கு வராதுடி."

எனக்கும் வரவில்லை. பெரிய உத்தமிகள், பாருங்கள்! 'இல்லை' என்று சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாள் இயந்திரம் கடைசி நாணல் புதரைச் சாய்த்தது. உள்ளிருந்து ஒரு கானாங்கோழி தார்ச்சாலைக்கு ஓடியது. பின்னாலேயே கறுப்பாக நாலு குஞ்சுகள். அது கத்தவே இல்லை.

"ரெண்டு கரையிலயும் எதிரிக் கோழி கத்தினா, குஞ்சை வச்சிருக்கிறது எப்படிடி வாயைத் திறக்கும்?" என்று அக்கா அழுதாள்.

நடைபாதை அழகாகத்தான் இருக்கிறது. விடியலில் அங்கே போனால் அதே செத்த கோழியின் குரலில் இக்கரை கூப்பிடுகிறது, அக்கரை பதில் சொல்கிறது. கருவிகள் இரண்டும் என் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன.