நாச்சிமுத்து காருக்குச் சேர்த்த வாடை

எங்கள் ஊரில் காருக்கு கேஸ் மாட்டுகிறவர்கள், கேஸுக்கு என்ன வாடை சேர்ப்பது என்று வண்டிக்காரரை உட்காரவைத்துக் கேட்டுத்தான் சேர்ப்பார்கள். கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. மற்ற ஊர்களில் எல்லா வண்டிக்கும் அழுகின முட்டைக்கோஸ் வாடை ஒன்றையே போட்டு அனுப்பிவிடுகிறார்களாம். அது எப்படிச் சரிப்பட்டு வரும்? அந்த வாடைக்கு ஓடுகிறவனும் உண்டு, பொரியல் ஆகிவிட்டது என்று தட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறவனும் உண்டு.

தாராபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஜமீலாவுக்கு இது கைவந்த வேலை. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. டிக்கிக்குள் சிலிண்டரை வைத்து இரும்புப் பட்டை போட்டு முடுக்குவாள். வண்டிக்கு அடியில் குழாயைக் கொண்டுபோவாள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு, குமிழி வருகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாம் முடிந்ததும் வண்டிக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, "எந்த வாடை வந்தா கையில இருக்கறதப் போட்டுட்டு ஓடுவீங்க?" என்று கேட்பாள். ஜவுளிக்கடைக்காரர் பட்டுச்சேலை தீய்கிற வாடை என்றார். ஒரு வாத்தியார், தன் மாமனார் வீட்டு பீரோவைத் திறந்தால் வருகிற வாடை என்றார். ஜமீலா பஸ் ஏறி மாமனார் ஊருக்கே போய், பீரோவைத் திறக்கச் சொல்லி, பாட்டிலில் பிடித்து வந்தாள்.

அந்த நாற்காலியில் ஒருநாள் நாச்சிமுத்து வந்து உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு வயது, ஒண்டிக்கட்டை. பழைய வெள்ளைக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, தினம் காலையில் நான்கு நர்ஸம்மாக்களை ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கொண்டுபோய் விடுவார். பெட்ரோல் கட்டுபடியாகவில்லை, கேஸ் மாட்ட வந்திருந்தார். சிலிண்டர் ஏறியாயிற்று, குழாய் போட்டாயிற்று, குமிழி ஒன்றுகூட இல்லை.

"எந்த வாடைங்ணா?" என்றாள் ஜமீலா.

"எனக்கு எந்த வாடையும் தெரியாதுங்க அம்மிணி. மூணு வருசத்துக்கு முந்தி ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதோட மூக்கு போச்சு."

ஜமீலா பேனாவை மூடி வைத்துவிட்டாள். வாடை எழுதாத வண்டிக்கு ஆர்.டி.ஓ. முத்திரை கிடைக்காது. முத்திரை இல்லாமல் கேஸில் ஓடுகிற வண்டியில் ஆள் ஏறக் கூடாது, அதுவரை பெட்ரோலில்தான் ஓட்ட வேண்டும். அதைவிட, நான்கு நர்ஸம்மாக்களில் மூத்தவரான ஸ்டெல்லா சிஸ்டர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்: "அண்ணா, எங்க நாலு பேரு உசுரும் உங்க மூக்குலதான் இருக்குது. சனிக்கிழமைக்குள்ள முத்திரை வாங்கிருங்க. இல்லீன்னா நாங்க வேற வண்டி பாக்கணும்." அதைச் சொல்லும்போது சிஸ்டருக்கே மனசில்லை. நாச்சிமுத்துவுக்கு அதற்குமேல் சங்கடம். காலையில் அந்த நான்கு பேரும் வண்டிக்குள் பேசிக்கொண்டு வருகிற பேச்சுத்தான் அவருக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கிற மொத்தப் பேச்சு.

ஜமீலா யோசித்தாள். அவசரப்படுகிற ஆள் இல்லை அவள். "சரி, வாடையை உடுங்க. பாதி வழியில எதுக்கு வண்டியத் திருப்புவீங்க?"

"எதுக்கும் திருப்ப மாட்டனுங்க."

"செல்போன வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீங்க?"

"கெடந்துட்டுப் போகுது."

"மழை வருது, துணி காயுது?"

"மறுக்காவும் காயும்."

"உங்க மச்சான் ஊர்ல இருந்து வந்து நிக்கறாரு?"

"அப்ப இன்னும் கொஞ்சம் தூரம் ஓட்டுவேன்."

ஜமீலாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நாச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க. ரயில்வே கேட்டுக்கிட்ட வரும்போது, வீட்டப் பூட்டுனனா இல்லையான்னு ஒரு இது வரும். அது வந்துட்டா எனக்கு ஸ்டீயரிங்கு பிடிபடாது. திரும்பிப் போயிப் பாத்துட்டுத்தான் மறுவேலை," என்றார்.

"அது போதுங்ணா," என்று பேனாவைத் திறந்தாள் ஜமீலா.

அதைப் பிடிப்பதற்குத்தான் மூன்று நாள் ஆனது. முதல் நாள் அவளே சோடா பாட்டிலும் தக்கையுமாக நாச்சிமுத்து வீட்டுக்குப் போய், அவர் பூட்டும்போது பக்கத்திலேயே நின்று, அதே வண்டியில் ஏறி வந்தாள். சந்தேகம் வரவில்லை. பூட்டியதைப் பார்த்த சாட்சி பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால் எப்படி வரும்? இரண்டாம் நாள் கேட்டுக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் நின்றாள். அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட நாச்சிமுத்து, இன்றைக்காவது சந்தேகம் வர வேண்டுமே என்று கவலைப்பட்டார், அந்தக் கவலையில் சந்தேகம் வர மறந்துவிட்டது. மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, அவள் கேட் கீப்பர் அறைக்குள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். கேட் போட்டிருந்தது. வண்டி வந்து நின்றது. நாச்சிமுத்து முகம் மாறியதுதான் தாமதம், ஜமீலா பாய்ந்து போய் ஜன்னல் வழியாகப் பாட்டிலை அவர் நெற்றிக்கு நேராகப் பிடித்து, நிரம்பியதும் தக்கையை அடைத்துவிட்டாள். ரயில் போன பிறகு நாச்சிமுத்து நேராக நர்ஸம்மாக்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சந்தேகம் வந்தும் அந்த இடத்தில் அவர் வண்டியைத் திருப்பாதது மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை.

மூன்று சொட்டுதான் சிலிண்டரில் விட்டாள். பிறகு நாச்சிமுத்துவை சீட்டில் உட்காரவைத்து, ஒரு இணைப்பை மயிரிழை அளவு தளர்த்தினாள். அவர் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து இறங்கி, வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். ஐம்பது அடி போனதும் ஜமீலா கூப்பிட்டு நிறுத்தினாள். சனிக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசில் வாடை என்கிற கட்டத்தில், 'வீட்டைப் பூட்டினோமா' என்று எழுதிக் கொடுத்தார்கள். குமாஸ்தா படித்துப் பார்த்துவிட்டு, "பூட்டுக்குச் சாவி எத்தனை?" என்றார். இரண்டு என்றார் நாச்சிமுத்து. அதையும் எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார்.

ஒன்றரை மாதம் வண்டி நன்றாக ஓடியது. ஒரு புதன்கிழமை காலையில், நான்கு நர்ஸம்மாக்களும் உள்ளே இருக்க, கார் சந்தைப்பேட்டை முக்குக்கு வந்தபோது முன்னால் போன லாரியிலிருந்து ஒரு கம்பித் துண்டு விழுந்தது. கார் அதன்மேல் ஏறியது, கம்பி எகிறி அடியில் போகிற குழாயைக் கிழித்தது. சத்தம் யாருக்கும் கேட்கவில்லை, ஸ்டெல்லா சிஸ்டர் தன் நாத்தனாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்துவுக்கு ஸ்டீயரிங் பிடிபடவில்லை. வண்டியை ஓரங்கட்டி, இஞ்சினை நிறுத்தி, "எறங்குங்க சிஸ்டர்," என்றார்.

"நானே சொல்லலாம்னு இருந்தேன்," என்றார் ஸ்டெல்லா சிஸ்டர். "அண்ணா, நான் பின்கதவப் பூட்டுனனான்னு தெரியலியே." மற்ற மூன்று பேருக்கும் அதே நினைப்புத்தான். நான்கு பேரும் பையைக்கூட எடுக்காமல் இறங்கி, ஆளுக்கொரு பக்கமாக வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.

இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத்தான் போகும். அதனால் முதலில் எழுந்தவர்கள் கீழே சாக்கு விரித்துக் கீரை விற்றுக்கொண்டிருந்த பெண்கள். அப்புறம் செருப்புத் தைக்கிறவர். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள். டீ மாஸ்டருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் எட்டியது. ஆனால் வீட்டைப் பூட்டினோமா என்று நினைக்கிற மனுஷன் அடுப்பை அணைத்தோமா என்றும் நினைப்பான் இல்லையா? அடுப்பை அணைத்து, இரண்டு தடவை பார்த்து, பிறகு கிளம்பினார். எதிர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்ததைக் கீழே வைத்து, மெயின் சுவிட்சையும் நிறுத்திவிட்டு வெளியே வந்தார். பீடி பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தவர் பற்றவைக்காமலே எழுந்து போனார். போலீஸ்காரரும் போனார். வீடு இல்லாத நாய்கள் போகிறவர்களோடு சேர்ந்து போயின. கால் மணி நேரத்தில் சந்தைப்பேட்டையில் ஒரு ஆள் இல்லை, ஒரு பொறி இல்லை. நடுவில் அந்த வெள்ளைக் கார் மட்டும் தன்பாட்டுக்குச் சீறிக்கொண்டு நின்றது.

ஜமீலா ஒருத்திதான் அந்த வெறும் தெருவில் எதிர்த்திசையில் நடந்து வந்தாள். அவள் வீட்டுக்குக் கதவு கிடையாது. இந்த வேலைக்கு வந்த அன்றே கழற்றிவிட்டாள். அவசரப்படாமல் டிக்கியைத் திறந்து, சிலிண்டரின் வால்வை நான்கு சுற்றுச் சுற்றி மூடினாள். சீறல் நின்றது. மீதியைக் காற்று கொண்டுபோகட்டும் என்று கதவுகளைத் திறந்துவைத்துவிட்டு, வண்டிக்கடியில் படுத்துக் குழாயைக் கழற்ற ஆரம்பித்தாள். என்ன மாதிரி ஒரு பொம்பளை! ஒரே ஒருவருக்காக மூன்று சொட்டு விட்டவள், முன்னூறு பேரைக் காப்பாற்றிவிட்டாள். இன்றைக்கும் சந்தைப்பேட்டையில் அவள் டீ குடிக்கப் போனால் எல்லாரும் எழுந்து நிற்கிறோம்.

நாச்சிமுத்து தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றது. கதவுகள் எல்லாம் பூட்டித்தான் இருந்தன, ஆனால் உள்பக்கமாக. எல்லாரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளே ஒரு குரல். அது நாச்சிமுத்துவின் குரலேதான், கொஞ்சம் தூக்கக் கலக்கமாக இருந்தது.

"நாச்சிமுத்துங்க. வீடு பூட்டியிருக்குதான்னு பாக்க வந்தேன்."

"பூட்டித்தான் இருக்குது. நர்ஸம்மாங்க என்ன ஆனாங்க?"

"நாலு பேரும் எறங்கிட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலீங்க."

உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. "நல்ல வேலை செஞ்சீங்க. போயி அவங்கள டூட்டியில விட்டுட்டு வாங்க. வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க."

நாச்சிமுத்து எப்போதும் ஒரு பாக்கெட்தான் வாங்குவார். "ஒண்ணு போதுங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டா வாங்கிக்குங்க," என்றது குரல்.

சரி என்று சொல்லிவிட்டு, நாச்சிமுத்து வண்டியை எடுக்க நடந்தார்.