மேலே நின்று பார்த்தவன்

மகளுக்குக் காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடி வேண்டும். பாண்டீஸ்வரிக்கு உடன்பிறந்த தம்பி ராம்கி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தான். அப்படியிருந்தும் அவள் வன்னியம்பட்டிக்குப் போய், பெரியப்பா மகன் குருசாமியை மடி கொடுக்கக் கூப்பிட்டாள்.

குருசாமிக்கு அது சங்கடமாக இருந்தது. ராம்கி கல்லுக்குண்டாட்டம் இருக்கும்போது தான் போய் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்று இழுத்தார்.

"ஒங்களுக்கு ஏலாதுன்னா சொல்லிருங்கண்ணே. கோயில்ல எம்புட்டோ மரம் நிக்கி. அதுல சாச்சு வச்சுக் குத்திக்கிடுதேன்" என்றாள் அவள்.

அவர் நாளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பாண்டீஸ்வரியின் கணவன் சங்கிலிப்பாண்டி ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் ஜீப்புப் பட்டறை வைத்திருந்தான். மலையடிவாரத் தோப்புகளுக்குப் போய்வரும் ஜீப்புகளெல்லாம் அவன் கைக்குத்தான் வரும். சொந்தமாக ஒரு ஜீப்பு வாங்க மட்டும் கடைசிவரை வாய்க்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துக்கொள்வான். அதில் யாராவது ஒருத்தன் எங்கோ ஒரு தீவில் இறங்கி, ஜீப்பை வாடகைக்கு எடுத்து, தார் ரோட்டைவிட்டுக் காட்டுக்குள்ளும் கடற்கரை மணலிலும் ஓட்டிக்கொண்டிருப்பான். சோறு காய்ந்து போகும். நாலு வீலும் இழுக்கிற வண்டியை இங்கே மாங்காய் ஏற்ற வைத்திருக்கிறார்களே என்று அவன் அங்கலாய்ப்பான். அந்த வண்டிக்குள் தானும் உட்கார்ந்திருப்பதுபோல மகள் கோதை அவன் தொடையில் ஏறிக் குதிப்பாள்.

கடைசியில் அந்தமானுக்குப் போவதென்று முடிவு செய்தான். பாஸ்போர்ட் வேண்டாம், தமிழ் பேசினால் போதும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தனியாகப் போகக் கூடாது, தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றவள் பாண்டீஸ்வரிதான். ராம்கி கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ் ஓட்டுகிறவன். அப்போது காலேஜுக்கு லீவு. மச்சானோடு போகிறாயா என்று கேட்டதும் பையைக் கட்டிவிட்டான்.

அங்கிருந்து ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டார்கள். ஜீப்பு வாடகைக்குக் கிடைத்துவிட்டதாம், அதைப் படகில் ஏற்றிச் சின்னத் தீவு ஒன்றுக்கு வந்துவிட்டார்களாம். ஈர மணலில் வண்டி ஓட, பின்னால் டயர்த் தடத்தில் தண்ணீர் ஊறி நிறைந்துகொண்டே வந்தது. சங்கிலிப்பாண்டி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, "ஏட்டி, இங்க பாரு, கடலு பூராம் நமக்குத்தான்" என்று கத்தினான். கோதை சிப்பி கேட்டாள். சாக்கு நிறைய அள்ளிவருவதாகச் சொன்னான். அவனை உயிரோடு பாண்டீஸ்வரி பார்த்தது அதுதான் கடைசி. மறுநாள் பொழுது சாயும்போது ராம்கியிடமிருந்து போன் வந்தது.

நடந்தது இதுதான் என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள். காட்டுக்குள்ளிருந்து இறங்கிக் கடலில் சேரும் ஓடை ஒன்றை ஜீப்பில் கடக்கப் பார்த்திருக்கிறார்கள். நடு ஓடையில் சக்கரம் புதைந்துவிட்டது. சங்கிலிப்பாண்டி இறங்கிச் சக்கரத்தடி மணலைத் தோண்டும்போது வண்டி சரிந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஏறிவிட்டது. சத்தம் கேட்டு மீன்பிடிக்கிறவர்கள் ஓடிவந்தபோது கூடவந்தவன் பக்கத்தில் இல்லை. அதற்குப் பிறகுதான் தூரத்திலிருந்து ஓடிவந்தான்.

உடல் ஆம்புலன்ஸில் வந்து இறங்கிய அன்று, பாண்டீஸ்வரி தம்பியின் சட்டையைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ எங்கல போன?"

"பாத்துக்கிட்டுத்தான்க்கா இருந்தேன்."

அவன் சொன்னது அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருந்தவன் எப்படித் தூரத்திலிருந்து ஓடிவருவான்? பொய் சொல்கிறான் என்று அவள் தீர்மானித்துவிட்டாள். வேடிக்கை பார்க்கப் போயிருப்பான், போட்டோ எடுக்கப் போயிருப்பான், அங்கே அந்த மனுசன் கத்திக் கத்திச் செத்திருக்கிறார். கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை ராம்கி நீட்டியபோது அவள் கையை நீட்டவில்லை. அவள் அம்மா அதை வாங்கிக் கொடுத்த பிறகே தொட்டாள். அதன்பின் அவன் வாசல்படி ஏறவில்லை.

வருசம் திரும்பியதும் மாமியார் கருத்தம்மாள்தான் காதுகுத்துப் பேச்சை எடுத்தாள். மகனைப் பறிகொடுத்த தனக்கே அந்தப் பயல்மேல் கோபம் இல்லை என்றும் சொல்லிப் பார்த்தாள். பாண்டீஸ்வரி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அய்யனார்தான் அவர்களுக்குக் குலசாமி. கோவில் மலையடிவாரத்தில் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. சொந்தக்காரர்கள் வேனிலும், சமையல் சாமான்களோடு வீட்டுப் பெண்கள் வாடகை ஜீப்பிலும் கிளம்பினார்கள். அந்த வருசம் முழுக்க பாண்டீஸ்வரி ஜீப்பில் காலை வைத்ததில்லை. ஓட்டுகிறவர் அவளைத் திரும்பிப் பார்த்து, "அண்ணன் வேலை பாத்த வண்டிம்மா. இன்னிக்கி வரைக்கும் ஒரு சத்தம் வரல" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அவள் கோதையை மடியில் இறுக்கிக்கொண்டு பின்சீட்டிலிருந்து வெளியே பார்த்தாள். மாந்தோப்புகள் முடிந்து மேடும் பள்ளமுமான பாதை வந்தது. மலைமேல் மேகம் படுத்திருந்தது. சோதனைச் சாவடியில் வனத்துறைக்காரர், மேலே மழை இருக்கிறது, மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஆற்றங்கரையில் ராம்கி நின்றுகொண்டிருந்தான். பைக்கில் வந்திருக்கிறான். கையில் ஒரு மஞ்சப்பை. அதில் புதுப் பாவாடை சட்டை, மாலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுத்த தங்கக் கம்மல் இருக்கும் என்று பார்க்காமலே எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பாண்டீஸ்வரி தன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா அண்டாவைத் தூக்குவதுபோலக் குனிந்துகொண்டாள்.

அந்த ஆற்றைக் கடப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. இங்கே கணுக்கால் தண்ணீர் ஓடும், தலைக்கு மேல் வெயிலடிக்கும். கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் பெய்த மழை திடீரென்று வந்து இறங்கும். கோவிலுக்குப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொள்வதும், கயிறு கட்டி இழுத்து வருவதும் நடக்கிற விசயம்தான். அதனால் மேற்கே மலையைப் பார்க்காமல் இங்கத்திய ஆட்கள் தண்ணீரில் கால் வைக்கமாட்டார்கள். பெண்டுபிள்ளைகள் கடக்கிறார்கள் என்றால் ஆண் ஒருத்தர் மேலே ஏறி, வளைவைத் தாண்டி ஒரு பாறையில் நின்றுகொள்வார். தண்ணீர் நிறம் மாறினாலோ, சருகும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தாலோ சத்தம் கொடுப்பார்.

பாண்டீஸ்வரி சேலையை ஏற்றிச் செருகி, பிள்ளையை இடுப்பில் வைத்தாள்.

"குருசாமிண்ணே, செத்த நேரம் மேல போயி நின்னு பாத்துக்கிடுங்க."

கதவைச் சாத்துங்கள் என்பதுபோல, யோசிக்காமல் வந்த பேச்சு. குருசாமி செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார். வளைவில் திரும்பியதும் ஆள் மறைந்துபோனார்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. முன்னால் போகிறவர்கள் எல்லாருடைய முகமும் மலைப்பக்கம் திரும்பியிருந்தது. அவளும் அங்கேதான் பார்த்தபடி நடந்தாள். பிள்ளையை இடுப்பு மாற்றத் திரும்பியபோது ராம்கி கண்ணில் பட்டான். எல்லாருக்கும் கீழே, நடு ஆற்றில், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தண்ணீர் ஓடிப்போகிற திசையை, மாந்தோப்புகளுக்கும் அப்பால் இருக்கிற சமவெளியைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. இங்கேயும் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு நிற்கிறானே என்று அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"ஏலே, மழை எங்க பேயுது, நீ எங்க பாக்க?"

ஒரு வருசத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு. அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"பழகிப்போச்சுக்கா."

"என்னத்தப் பழகிப்போச்சு?"

"அங்க தண்ணி கீழ இருந்துல்லா வந்துச்சு."

அவளுக்குப் புரியவில்லை. அப்படியே நின்றாள். அவன் மஞ்சப்பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடி, விட்டு விட்டுச் சொன்னான்.

வண்டி புதைந்ததும் மச்சான் முதலில் மலையைத்தான் பார்த்தாராம். காட்டுக்கு மேலே கருக்கலாக இருந்ததாம். "மாப்ள, நான் மண்ணத் தோண்டுதேன். நீ மேல போயி நின்னு பாரு" என்றாராம். இவன் வளைவைத் தாண்டிப் போய் ஒரு பாறையில் நின்றான். கண்ணை எடுக்கவே இல்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது, நிறம் மாறவில்லை, ஒரு சுள்ளிகூட வரவில்லை. கொஞ்ச தூரத்தில் முதுகுக்குப் பின்னால் கடல் இருந்தது. அதன் இரைச்சலில் மச்சான் கத்தியது எட்டவில்லை. கடல் வேளைக்கு வேளை பொங்கி ஓடைக்குள் ஏறிவரும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"கால்கிட்ட தண்ணி ஓடாம நின்னுச்சுக்கா. மொதல்ல கீழ போன பழுத்த எல ஒண்ணு, திரும்பி எங்கிட்டயே வந்துச்சு. என்னடா இதுன்னு அதையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். பொறவுதான் ஓடுனேன்."

கோதை மாமனின் பைக்குள் தெரிந்த மாலையை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள்.

"இத அன்னிக்கே ஏம்ல சொல்லல?"

"மச்சான்தான் மேல போகச் சொன்னாவன்னு எப்படிக்கா சொல்ல? செத்த மனுசன் மேலல்லா பழி போடுற மாரி ஆயிரும்."

அவள் ஆற்றின் வளைவைப் பார்த்தாள். குருசாமி தெரியவில்லை. இந்த நேரம் கீழேயிருந்து தண்ணீர் ஏறினால் கடைசியாகத் தெரிந்துகொள்கிற ஆள் அவர்தான். போய் நில்லுங்கள் என்று அனுப்பியவள் அவள். அந்த ஓடையில் அவள் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். அவள் அப்பா சொல்லியிருப்பார், குருசாமி சொல்லியிருப்பார், இந்த ஊரில் பிறந்த யாரும் சொல்லியிருப்பார்கள்.

ஒரு வருசமாக அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காலையில் எழுந்தாள், உலை வைத்தாள், பட்டறைப் பூட்டைக் கடந்து கடைக்குப் போய்வந்தாள். இப்போது அது கையைவிட்டுப் போய்விட்டது. இனி யாரைத் திட்டுவது? சங்கிலிப்பாண்டி அந்த நிமிசம்தான் செத்ததுபோல இருந்தது. அக்கரையிலிருந்து கருத்தம்மாள் கூப்பிட்டாள். பாண்டீஸ்வரி மெல்ல நடந்து கரையேறினாள். கருத்தம்மாள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

மொட்டை எடுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்தார்கள். மரத்தடியில் விரிப்பைப் போட்டதும் குருசாமி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்காரப் போனார். தாலியறுத்தவள் முன்னால் வரக்கூடாது என்று பாண்டீஸ்வரி கூட்டத்துக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து கருத்தம்மாள் கையிலிருந்த பிள்ளையை வாங்கினாள்.

"குருசாமிண்ணே, நீங்க கோவிச்சுக்கிடக் கூடாது" என்றாள்.

அவர் அதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்துகொண்டார். ராம்கி வர மறுத்தான். தன் கைபட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று முனகினான். அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்து உட்காரவைத்தாள். பாண்டீஸ்வரி கோதையை அவன் மடியில் இறக்கினாள்.

ஆசாரி ஊசியை எடுத்தார். ராம்கி பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். கண் மட்டும் அங்கே இல்லை. மரங்களுக்கிடையே கீழே தெரிந்த ஆற்றில் இருந்தது.

"ஏலே, ராம்கி" என்றாள் அவள். "புள்ளயப் பாரு."

அவன் குனிந்தான். கோதை வீறிட்டு அழுதாள். அவன் அவள் மொட்டைத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஆசாரி அடுத்த காதுக்காகச் சற்று நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இலை போட்டு, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மதியத்துக்குள் திரும்பினார்கள். குருசாமி மறுபடி மேலே ஏறி நின்றார். தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ராம்கி முன்னால் போனான். கடைசியாக வந்த பாண்டீஸ்வரி நடு ஆற்றில் நின்றாள். கிழக்கே திரும்பினாள். தண்ணீர் அவள் காலைச் சுற்றிக்கொண்டு, மாந்தோப்புகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமிருந்து எதுவும் வரவில்லை. ஜீப்புக்காரர் ஹாரன் அடிக்கும்வரை அவள் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.